ஐந்து மேசைக்கு ஒரு சர்வர்

சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் டைனிங் ஹாலில் ஸ்டீவர்டாகச் சேர்ந்து, கேப்டனாகி, பாங்க்வெட் மேனேஜராக ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தொழிலில் ஊறியவனை உல்லாசப் பயணத்துக்குக் கூட்டிப் போவது வீண் செலவு. எல்லோரும் ஜன்னல் வழியாக ஆஸ்திரியாவின் மெல்க் மடாலயத்தின் மஞ்சள் சுவரைப் பார்த்து வாய் பிளக்கும்போது, இவன் சைடு ஸ்டேஷனில் தண்ணீர் ஜக்கு எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பான்.

மியூனிக்கில் இருக்கும் மகள் என்னையும் மனைவியையும் டான்யூப் ஆற்றில் கப்பல் பயணத்துக்கு அனுப்பி வைத்தாள். முதலில் 2017-இல். அது பிடித்துப்போனதால் 2020 மே மாதத்துக்கு மறுபடி பதிவு செய்தாள். கொரோனா வந்தது, பயணம் ரத்தானது, பணத்துக்குப் பதில் வவுச்சர் வந்தது. அதை வைத்து 2022 அக்டோபரில் போனோம். அதே கம்பெனி, அதே பாதை: ஜெர்மனியின் பாஸாவில் ஏறி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை. ஆற்றில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியிருந்தது சாப்பாட்டு மேசை.

வெள்ளைத் துணி விரிப்பு போய், நடுவில் ஒரு பட்டைத் துணி மட்டும் கிடந்தது. காலையில் கேட்டபடி ஆம்லெட் போட்டுக் கொடுத்த சமையல்காரர் இல்லை. மூடி போட்ட பாத்திரத்தில் கிளறிய முட்டை இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் தள்ளுவண்டியில் வந்த சீஸ் வகைகள், இப்போது தட்டில் மூன்று துண்டுகளாக, ஏற்கெனவே வெட்டி வைத்து வந்தன. அறையைக் காலையில் ஒருமுறை சுத்தம் செய்வார்கள். மாலையில் படுக்கையைத் தட்டிப்போட்டு, தலையணை மேல் சாக்லேட் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் நின்றுவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த ஆஸ்திரேலியத் தம்பதிக்குச் சாக்லேட் போனதுதான் பெரிய துக்கம். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது சர்வர்களை.

2017-இல் ஆறு பேர் உட்காரும் மேசை மூன்றுக்கு ஒரு சர்வர், அவருக்கு ஓர் உதவியாள். 2022-இல் ஐந்து மேசைக்கு ஒரு சர்வர். உதவியாள் இரண்டு சர்வருக்கு ஒருவர். பயணிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான். ‘இரண்டு மேசை கூட, அவ்வளவுதானே?’ என்று தோன்றும். பதினெட்டுப் பேருக்குப் பரிமாறுவதும் முப்பது பேருக்குப் பரிமாறுவதும் வேறு வேறு வேலை. மூன்று மேசை என்றால் ஒரே நேரத்தில் சூப் வைக்கலாம், ஒரே நேரத்தில் எடுக்கலாம். ஐந்து மேசையில், கடைசி மேசைக்கு சூப் போகும்போது முதல் மேசை முள்கரண்டியைத் தட்டிக்கொண்டு மெயின் கோர்ஸுக்குக் காத்திருக்கும். அப்புறம் சர்வர் நடப்பதில்லை, ஓடுகிறார். ஓடுகிற ஆள் ஒயினைப் பற்றி இரண்டு வார்த்தை பேச முடியாது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நினைவில் வைக்க முடியாது.

இதன் அடுத்த விளைவு கிச்சனில் தெரியும். தட்டு எப்போது வெளியே போகும் என்று உறுதியில்லாவிட்டால், உடனுக்குடன் வறுத்து, பொரித்து அனுப்பும் உணவை மெனுவில் வைக்க முடியாது. தோல் மொறுமொறுப்பாகப் பொரித்த மீன் விளக்குச் சூட்டில் நாலு நிமிஷம் நின்றால் தொலைந்தது. ஆகவே மீன் சாஸில் மூழ்கி வரும். இறைச்சி, மணிக்கணக்காக வெந்த குழம்பு வகையாக மாறும்; அது எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கெடாது. முதல் கோர்ஸ் எல்லாம் குளிர்ந்த வகை. மத்தியானமே தட்டில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மெனு அட்டையில் இவற்றுக்கு அழகான பெயர்கள் இருந்தன. படித்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது: இது செஃப் எழுதிய மெனு இல்லை, ஆள் பற்றாக்குறை எழுதிய மெனு. சமையல் மோசம் என்று சொல்ல மாட்டேன். கூலாஷ் என்ற இறைச்சிக் குழம்பு நன்றாகவே இருந்ததாக மற்றவர்கள் சொன்னார்கள்.

ஆற்றுக் கப்பலில் இந்தக் குறை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு அதன் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். கடலில் போகும் பெரிய கப்பலில் பல ஆயிரம் பேர், பல உணவகங்கள், சூதாட்டக்கூடம், கடைகள். ஓரிடத்தில் குறைந்தால் வேறிடத்தில் உட்காரலாம். கம்பெனிக்கும் வருமானம் பல வழிகளில் வரும். ஆற்றுக் கப்பலின் நீளம் பொதுவாக அதிகபட்சம் 135 மீட்டர், அகலம் 11.45 மீட்டர். டான்யூபையும், மைன் வழியாக ரைனையும் இணைக்க 1992-இல் திறந்த மைன்–டான்யூப் கால்வாயில், கப்பலை ஏற்றி இறக்கும் லாக் அறைகளின் அகலம் 12 மீட்டர்தான். இரு ஆற்றிலும் ஓட வேண்டுமானால் அதற்குள் நுழைந்தாக வேண்டும். 171 கிலோமீட்டர் கால்வாய், 16 லாக். அந்த ஒல்லியான உடம்புக்குள் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பயணிகள், நாற்பது சொச்சம் ஊழியர்கள், ஒரே டைனிங் ஹால். கல்யாணப் பந்தி மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். நாற்பதில் ஆறு பேர் குறைந்தால் அது ஒவ்வொரு தட்டிலும் தெரியும். ஒளித்து வைக்க இடமே இல்லை.

சரி, ஆட்கள் எங்கே போனார்கள்?

2020 மார்ச்சில் ஐரோப்பிய ஆறுகளில் பயணக் கப்பல்கள் கரை கட்டின. சில ஜெர்மன் கம்பெனிகள் அந்தக் கோடையிலேயே மெல்லத் தொடங்கினாலும், பெரும்பாலானவை 2021 கோடையில்தான் திரும்பின. அதற்குள் ஊழியர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரி, செர்பியா, உக்ரைன், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று பல நாட்டவர்கள். எங்கள் மேசையின் சர்வர் ருமேனியக்காரர். என் பழைய தொழிலைச் சொன்னதும், இரவு பத்தரை மணிக்குமேல் பார் பக்கம் நின்று கொஞ்சம் பேசினார். அவரோடு முன்பு வேலை பார்த்தவர்களில் பலர் ஜெர்மனியில் சரக்குக் கிடங்குகளிலும் டெலிவரி வேன்களிலும் சேர்ந்துவிட்டார்களாம். 2014 முதல் ருமேனியர்களும் பல்கேரியர்களும் தனி அனுமதியின்றி ஜெர்மனியில், ஆஸ்திரியாவில் வேலை செய்யலாம். கிடங்கில் ஷிப்டு முடிந்தால் வீடு. கப்பலில் ஒரு சீசன் முழுக்க, தண்ணீர் மட்டத்தை ஒட்டிய சின்ன அறையில் இரண்டு பேர். “சார், அங்கே ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது,” என்றார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி உள்நாட்டு நீர்வழி ஊழியரிடம் ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேலும், ஒரு வாரத்தில் 84 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. சட்டம் அனுமதிக்கிற உச்சமே இவ்வளவு! ஐந்து மேசைக்காரர் அந்த உச்சத்தை அடிக்கடி தொட்டுவிட்டு வருவார் என்பதை என் முழங்கால் எனக்குச் சொல்லும்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று அந்த நாடு தடை போட்டது. ஊருக்குப் போயிருந்த உக்ரைன் ஊழியர்கள் சீசனுக்குத் திரும்ப முடியவில்லை. அந்த இடங்களில் புதுசாக வந்த பிள்ளைகள் நின்றார்கள். எந்தப் பக்கமிருந்து தட்டை வைப்பது, எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள். என் காலத்தில் ஒரு பையனுக்கு மூன்று மாதம் வெறும் தட்டு தூக்கவே பயிற்சி கொடுப்போம். இங்கே அதற்கு நேரம் கிடைத்திருக்காது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை.

விலைவாசியையும் சொல்ல வேண்டும். போரால் சூரியகாந்தி எண்ணெய் தட்டுப்பாடாகி, 2022 வசந்தத்தில் ஜெர்மன் கடைகளில் ஆளுக்கு இத்தனை பாட்டில்தான் என்று ரேஷன் போட்டார்கள். நாங்கள் போன அக்டோபரில் யூரோ நாடுகளின் பணவீக்கம் 10.6 சதவீதம். ஹங்கேரியில் உணவுப் பொருள் விலையேற்றம் அந்த ஆண்டின் முடிவில் 40 சதவீதத்தைத் தாண்டியது. எரிவாயு விலை ஏறியதால் துணி வெளுக்கும் செலவும் ஏறியது. மேசை விரிப்பு காணாமல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று என் தொழிலறிவு சொல்கிறது.

இதில் பலர் யோசிக்காத ஒரு சங்கதி உண்டு. 2022-இல் கப்பலேறியவர்களில் பலர் எங்களைப் போல வவுச்சர்காரர்கள். 2019-இல் கணக்குப் போட்ட கட்டணம், 2022-இல் வாங்கிய எண்ணெயும் வெண்ணெயும். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் பெரும்பாலான கப்பல்களுக்கு வருமானமே இல்லை. பழைய காசில் புது விலைக்குச் சமைக்க வேண்டிய நிலையில் எந்த மேனேஜரும் எதையாவது வெட்டத்தான் செய்வார். நானும் செய்திருப்பேன்.

ஆனால் எதை வெட்டுவது, எதைச் சொல்லி வெட்டுவது என்பதில்தான் எனக்கு வழக்கு. கொரோனா நாளில் பயணிகள் பொதுக் கரண்டியைத் தொடக் கூடாது என்று பஃபேயைக் குறுக்கினார்கள், நியாயம். அச்சடித்த தினசரித் தாளை நிறுத்தி டிவியில் காட்டினார்கள், ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் போனபோது யாரும் முகக்கவசம் போடவில்லை. லாபியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பாட்டுக் கேட்டோம். ஆம்லெட் ஏன் இல்லை என்று கேட்டால் மட்டும் “சுகாதார நடைமுறை” என்று பதில் வந்தது. கிருமிக்கும் ஆம்லெட்டுக்கும் என்ன சம்பந்தம்? ‘ஆள் இல்லை சார்’ என்று சொல்லியிருந்தால் நான் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போயிருப்பேன்.

என் மனைவி சைவம். எந்தக் கிச்சனிலும் சுருக்கம் வந்தால் முதல் அடி சைவத்துக்குத்தான். 2017-இல் செஃப் முதல் இரவே மேசைக்கு வந்து, என்ன பிடிக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்தமுறை காளான் ரிசோட்டோ வந்தது. மறுநாள் அதுவே பெயர் மாறி வந்தது. “ஏங்க, இது நேத்து சோறுதானே?” என்றாள். பிறகு அவளைக் காப்பாற்றியது கிச்சனில் இருந்த ஓர் இந்தோனேசியச் சமையல்காரர். நான் போய் நிலைமையைச் சொன்னதும், மிச்சமிருந்த சோற்றை வாணலியில் போட்டு, காய்கறி சேர்த்து, மிளகாய் அரைத்து வறுத்துக் கொடுத்தார். அவர்கள் ஊர் மிளகாய் விழுதான சம்பாலில் இறால் விழுது சேர்ப்பார்கள் என்பதால் அதைப் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். அது மெனுவில் இல்லாத தட்டு. அந்தப் பயணத்தில் அவள் முழுசாகக் காலி செய்த தட்டும் அதுதான். கரையில், ஆஸ்திரியாவின் ட்யூர்ன்ஷ்டைன் ஊரில், ஆப்ரிகாட் பழத்தை மாவுக்குள் வைத்து வேகவைத்த உருண்டை ஒன்று சாப்பிட்டாள். அந்த ஊர் இருக்கும் வாகாவ் பள்ளத்தாக்கு அந்தப் பழத்துக்குப் பேர்போனது. கொழுக்கட்டைக்குச் சொந்தம் என்று அவளே தீர்ப்பும் சொன்னாள்.

இப்போது பதிவு செய்ய நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால், படம் போட்ட பிரசுரத்தில் எத்தனை கோர்ஸ் என்று பார்க்காதீர்கள் என்பேன். எத்தனை பயணிகளுக்கு எத்தனை ஹோட்டல் பிரிவு ஊழியர்கள் என்று கேளுங்கள். காலை முட்டை கேட்டபடி போட்டுத் தருவார்களா, சைவத்துக்குத் தனி மெனு உண்டா, அறையை ஒரு நாளில் எத்தனை முறை சுத்தம் செய்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பாவில் விற்கும் பேக்கேஜ் பயணங்களுக்கு, ஒப்பந்தத்தில் சொன்னது கிடைக்காவிட்டால் விலைக் குறைப்புக் கேட்க அங்கே சட்டம் இடம் தருகிறது. பிரசுரங்களின் சாமர்த்தியம், எதையும் எண்ணிச் சொல்லாமல் ‘சுவையான பிராந்திய உணவு’ என்று முடித்துவிடுவதில் இருக்கிறது. கிளறிய முட்டையும் பிராந்திய உணவுதானே!

கடைசி நாள் கருத்துப் படிவம் வந்தது. டிப்ஸுக்கு உறையும் வந்தது. இந்தக் கப்பல்களில் தலைக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து யூரோ என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் எங்கள் தொழில் ரகசியம் ஒன்று: படிவத்தில் ‘சுமார்’ என்று போடும் டிக், தலைமை அலுவலகத்தைக் குத்துவதில்லை, ஓடி ஓடிப் பரிமாறியவரைத்தான் குத்தும். ஆகவே படிவத்தில் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். உறையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே வைத்தேன். புகாரை ஊருக்கு வந்தபின் தனிக் கடிதமாக, 2017-இல் இருந்தது இது, 2022-இல் இருந்தது இது என்று எதிரெதிரே எழுதி, கம்பெனி அலுவலகத்துக்கு மகள் மூலம் அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து, அடுத்த பயணத்துக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பனோடு பதில் வந்தது. “அப்பா, காலாவதியாகிறதுக்குள்ளே போயிட்டு வாங்களேன்,” என்றாள் மகள். போகலாம், ஒரு கப்பலில் எத்தனை சர்வர் என்று மட்டும் கேட்டுச் சொல் என்றேன். அது பருவத்துக்கேற்ப மாறும் என்று பதில் எழுதியிருக்கிறார்கள். எந்தப் பருவத்துக்கு எத்தனை என்று திரும்பக் கேட்டிருக்கிறாள்.