ஆகஸ்ட் 1-ஆம் தேதி கணக்கு



ஜூன் மாதம் வந்தால் மார்க்கையன்கோட்டை பக்கம் நமக்கு இரண்டு கவலை. ஒன்று நடவு வேலை. இன்னொன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. கூலிக்காசு பத்தாமல் குழுவில் கடன் வாங்கி, வேன் வருகிற பள்ளிக்கூடத்துக்கு பீஸ் கட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. கேட்டால், "ஊருப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு பத்தலக்கா, அதான் மாத்திட்டேன்" என்கிறோம்.

சரி, வாத்தியார் ஏன் பத்தவில்லை?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி, 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை மொத்தம் 60 பிள்ளைகள் இருந்தால் 2 ஆசிரியர். 61 பிள்ளைகள் இருந்தால் 3 ஆசிரியர். 6, 7, 8-ஆம் வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஒருவர். நம் மாநிலத்தில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்கிறார்கள். ஆக, ஒரு பிள்ளை குறைந்தாலே ஒரு ஆசிரியர் இடம் போகலாம். அவர் போனால் இருக்கிறவர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கணும். அதைப் பார்த்து அடுத்த வருஷம் இன்னும் நாலு பேர் மாற்றுவோம். இப்படித்தான் பள்ளிக்கூடம் தேயுது.

5-ஆம் வகுப்பு முடிந்ததும் மாற்ற நினைக்கிறவர்கள் இதையும் யோசியுங்கள்:

1. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2020-இல் சட்டம் வந்தது.

2. அப்படிப் படித்த பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது.

3. அரசு, உதவி பெறும் பள்ளிகளில் 8-ஆம் வகுப்பு படிப்பவர்கள் தேசிய வருவாய் வழி, திறன் தேர்வு எழுதலாம். தேர்வானால் 9 முதல் 12 வரை வருஷம் 12,000 ரூபாய்.

நடுவில் இரண்டு வருஷம் தனியார் பள்ளிக்கு மாற்றினால் முதல் இரண்டும் கைவிட்டுப் போகலாம். மாற்றும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சேர்த்தால் மட்டும் போதாது. பிள்ளை படிக்குதா என்றும் பார்க்கணும். நமக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பாடத்தில் பத்து வரி தடுமாறாமல் வாசிக்கச் சொல்லுங்கள். சந்தைக்கணக்கு ஒன்று போடச் சொல்லுங்கள். திணறினால் மறுநாளே ஆசிரியரைப் பாருங்கள்.

கேட்பதற்கு நமக்கு உரிமையும் இருக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்கணும் என்று அதே சட்டம் சொல்கிறது. வரவு செலவு பார்க்கத் தெரிந்த நமக்கு அந்தக் கூட்டம் புதுசா என்ன?

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மூன்றையும் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள்:

- நம் குழுவில் எத்தனை பிள்ளைகள், எங்கே படிக்கிறார்கள்?
- பள்ளிச் செலவுக்கு வாங்கிய கடன் எவ்வளவு?
- மேலாண்மைக் குழுவில் நம் உறுப்பினர் யார்?

நம்ம பிள்ளைகளின் எண்ணிக்கைதான் பள்ளிக்கூடத்தின் பலம். ஆகஸ்ட் 1-க்கு முன்னாடியே எண்ணிப் பார்ப்போம்!