நிலாவில் இப்போது பகல்

போன பூரணைப் போயா இரவு என் மருமகள் எனது பழைய கமராவை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் உப்பியிருந்தது.

"மாமா, இதப் பாருங்க. நிலா அவிச்ச முட்டை மாதிரி வந்திருக்கு. அதில தெரியிற முயலும் இல்ல, ஒண்டும் இல்ல."

"வாவி?"

"அது வடிவா வந்திருக்கு. கரையில கட்டின தோணி, கல்லடிப் பாலம், தென்னை எல்லாம் தெரியுது."

"வேற படம் எடுக்கலையா?"

"எடுத்தன். அதில முயல் தெரியுது. வாவியைத்தான் காணோம். ஒரே கறுப்பு."

படம் இரண்டும் சரியான படங்கள்தான், பிள்ளைகளே. ஒன்று இரவில் எடுத்தது. மற்றது பகலில் எடுத்தது! எப்படி என்கிறீர்களா? நம் ஊர்க் கல்லடியில் நமக்கு இரவு. ஆனால் பூரணை நிலாவின் நம்மைப் பார்த்த முகம் முழுவதும் அந்த நேரத்தில் வெயிலில் காய்கிறது. அங்கே நல்ல பகல். ஏறத்தாழ 3 இலட்சத்து 84 ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் நடக்கும் பகலையும், காலடியில் கிடக்கும் இரவையும் அவள் ஒரே படத்துக்குள் அடைக்கப் பார்த்தாள். கமரா மறுத்துவிட்டது.

அந்த இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்? கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பூரணை நிலவு சூரிய ஒளியைவிட ஏறத்தாழ 4 இலட்சம் மடங்கு மங்கலானது. அப்படியானால் நிலவில் படம் எடுக்கக் கமரா 4 இலட்சம் மடங்கு கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்கு அதனிடம் மூன்று வழிகள் உண்டு.

வாவியில் இறால் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒளியை இறால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் இறால் கொட்டிக் கிடக்கிறது. சின்ன வலையை ஒரு கணம் போட்டு எடுத்தால் போதும். நிலவில் இறால் அருமை. அப்போது வலையைப் பெரிதாக்கலாம், அல்லது நெடுநேரம் போட்டு வைக்கலாம்.

வலையின் அகலம்தான் வில்லையின் துவாரம். அதற்கு எஃப் எண் என்று ஓர் எண் உண்டு. எண் சிறியதானால் துவாரம் பெரியது. எஃப் 16 என்பது ஊசித்துளை போல, எஃப் 2.8 என்பது திறந்த கதவு. 16, 11, 8, 5.6, 4, 2.8 என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒளி இரட்டிக்கும். வலை தண்ணீரில் கிடக்கும் நேரம்தான் ஷட்டர் நேரம்.

மூன்றாவது வழி ஐஎஸ்ஓ. இது வலையோடு சேராது. கோயில் ஒலிபெருக்கி போன்றது. வந்த கொஞ்ச ஒளியைப் பெருக்கிக் காட்டும். ஒலிபெருக்கியைக் கூட்டினால் பாட்டோடு கரகரப்பும் கூடும் அல்லவா? அதுபோல ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும்.

இனிக் கணக்கு. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, 1/100 செக்கன் என்று வைத்தால் படம் சரியாக வரும். 1ஐ 2ஆல் பெருக்கிக்கொண்டே போனால், 18ஆவது இரட்டிப்புக்கும் 19ஆவதுக்கும் இடையில் 4 இலட்சத்தைத் தொடுவோம். ஆக, நமக்கு 18 இரட்டிப்புக்கு மேல் வேண்டும். எஃப் 16இலிருந்து 2.8க்கு வந்தால் 5 கிடைத்தது. ஐஎஸ்ஓவை 100இலிருந்து 1600க்கு ஏற்றினால் இன்னும் 4. மிச்சம் 9க்கும் 10க்கும் இடையில். அதை நேரத்தின் தலையில் கட்டுவோம். 1/100 செக்கனை 9 தடவை இரட்டித்தால் 5 செக்கன். 10 தடவை என்றால் 10 செக்கன். மருமகள் வைத்தது 8 செக்கன். வாவி வடிவாக வந்ததற்குக் காரணம் அதுதான்.

நிலா ஏன் முட்டையானது? அங்கே பகல் என்பதால், நிலாவுக்குப் பகல் கணக்குத்தான் பொருந்தும். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/100 செக்கன் போதும். வாவிக்கு வைத்த அளவையும் இதையும் ஒப்பிட்டுப் பெருக்கிப் பாருங்கள். துவாரத்தால் 16 மடங்கு, ஐஎஸ்ஓவால் 16 மடங்கு, நேரத்தால் 800 மடங்கு. மொத்தம் 2 இலட்சத்துக்கும் மேல்! அத்தனை மடங்கு வெளிச்சத்தைக் கொட்டினால் முயல் எங்கே நிற்கும்?

அவளுடைய வாவிப் படத்தில் இன்னும் சில புதினங்கள் இருந்தன. தென்னோலை பச்சையாக இருந்தது. வானம் நீலமாக இருந்தது. நிலவில் நம் கண்ணுக்கு எல்லாம் சாம்பல்தானே? நிறம் அறியும் கூம்புக் கலங்களுக்கு நிலவொளி போதாது. மங்கலில் வேலை செய்யும் கோல் கலங்களுக்கு நிறம் தெரியாது. கமராவோ 8 செக்கன் ஒளியைச் சேர்த்து வைத்து நிறத்தைக் காட்டிவிட்டது. நிலவொளி சூரிய ஒளிதான். அதனால் வானமும் பகலைப் போலவே நீலம். அந்த 8 செக்கனில் சிற்றலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தண்ணீர் கண்ணாடி போல மழுங்கியிருந்தது.

இவ்வளவு நேரம் கமராவைக் கையில் பிடிக்க முடியாது. முக்காலி வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சிரட்டையில் மணலை நிரப்பி, அதில் போனைச் செருகி நிறுத்துங்கள். பொத்தானை அழுத்தும்போது விரல் அசைக்கும். ஆகவே 2 செக்கன் டைமரை வையுங்கள். பாலத்தின் மேல் நின்று எடுக்க வேண்டாம். வாகனம் போகும்போது பாலம் மெல்ல அதிர்வது உங்கள் காலுக்குத் தெரியாவிட்டாலும் படத்துக்குத் தெரியும். பெரியவர் ஒருவர் துணையோடு கரையில் நில்லுங்கள்.

"எல்லாம் சரி மாமா. வாவியும் முயலும் ஒரே படத்தில வராதா?"

வரும். அதற்குப் போயாவுக்கு முதல்நாள் போக வேண்டும். பூரணையன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் நிலா எழும். அதற்கு முதல்நாளோ, சூரியன் மறைய ஏறத்தாழ முக்கால் மணி நேரம் இருக்கும்போதே எழுந்துவிடும். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் வாவியில் இன்னும் வெளிச்சம் இருக்கும். நிலாவும் வானத்தில் ஏறி நிற்கும். இரண்டின் ஒளியும் கிட்டத்தட்டச் சமனாகும் நேரம் அது. பூமத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் நம் ஊரில் அந்தி வெகு விரைவில் முடிந்துவிடும். சுணங்கினால் வாவி கறுத்துவிடும்.

அடுத்த மாதம் அப்படியே போனோம். நகரக் கரையில் நின்று கிழக்கே பார்த்தோம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கம் பக்கமாக நின்றன. கல்லடித் தென்னைகளுக்கு மேலே நிலா. ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 1/60 செக்கன். அவள் திரையைப் பெருப்பித்துப் பார்த்தாள்.

"முயல்!" என்று கத்தினாள். "பாலமும் இருக்கு! அப்ப நாளைக்குப் போயாவுக்கு என்ன எடுக்கிற?"

"நாளைக்குக் கமரா வேண்டாம், மகள். தோணியில போவம். துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மேல் நுனியில காதை வைச்சா மீன் பாடுறது கேக்கும் எண்டு பெரியாக்கள் சொல்லுவாங்க. அதுக்கும் அசையாம இருக்கவேணும். எட்டுச் செக்கன் காணாது."