பங்களா பியானோவில் மாரியோ

ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம் போகும் வழியில், ஒரு காலத்தில் தோட்டத்துப் பெரியதுரை குடியிருந்த பங்களா அது. இப்போது உல்லாசப் பயணிகளின் விடுதி. மழை பிடித்துக்கொண்டதால் தேநீர் குடிக்க ஒதுங்கினேன். முன் ஹாலில் ஒரு பழைய பியானோ. மூடியின் மேல் பின்னல் விரிப்பு, அதற்கு மேல் பூச்சாடி. விருந்தினர் யாரும் இல்லை. மேசை துடைத்துக்கொண்டிருந்த இளைஞன் அங்குமிங்கும் பார்த்தான். சாடியைத் தூக்கித் தரையில் வைத்தான். மூடியைத் திறந்து, நின்றபடியே வாசித்தான்.

ஏழே சுரம். டிவி கேமில் கசட் செருகி வளர்ந்தவர்களுக்கு அது போதும்.

"மாரியோதானே தம்பி?"

கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். "ஆமாங்க சேர். மெனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க."

எங்கே படித்தாய் என்று கேட்டேன். போனில் ஒரு பியானோ ஆப் இருக்கிறதாம். தோட்டத்து லயக் குடியிருப்பில் எல்லோரும் தூங்கிய பிறகு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பழகியதாம். "அதுல ரெண்டு விரல்தாங்க ஓடும். இங்கதான் பத்தும் வைக்கலாம்."

இதழாசிரியர் என்னிடம் கேட்டிருந்தது வேறு. வீடியோ கேம் மெட்டுகளைத் தனிப் பியானோவில் ஜாஸ் சாயலோடு வாசிப்பது உலகெங்கும் பரவியிருக்கிறது, அதைப் பற்றி எழுதுங்கள் என்றார். எழுதத்தான் போகிறேன். ஆனால் அந்தப் பூச்சாடி கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மூன்று குரலில் ஒரு கச்சேரி

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்தது 1985-இல். இசை கோஜி கோண்டோ. அவருக்குக் கிடைத்த ஃபாமிகாம் கேம் பெட்டியில் ஒலிக்கு இருந்தவை ஐந்து தடங்கள். மெட்டுக்கு இரண்டு, அடிச்சுரத்துக்கு ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் எழுப்ப ஒன்று, பதிவுசெய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. ஒழுங்காகச் சுரம் பிடிக்கக்கூடியவை முதல் மூன்றும்தான். மாரியோ குதிக்கும்போதும் காசு எடுக்கும்போதும் வரும் சத்தத்துக்குக்கூட இவற்றிலிருந்தே இடம் விட வேண்டும்.

இந்தப் பஞ்சத்தில்தான் அவர் கெட்டிக்காரத்தனம் காட்டினார். அந்த ஏழு சுரம் தொடங்கும் இடத்தில் அடியில் டி, நடுவில் எஃப் ஷார்ப், மேலே ஈ வைத்தார். ஜாஸ்காரர்கள் ஒன்பதாம் கார்டு என்று சொல்லும் ஐந்து சுரக் கூட்டில் மூன்று இவை. விடுபட்ட ஏயையும் சியையும் கேட்பவரின் காதே நிரப்பிக்கொள்கிறது. ஆக, மாரியோவை ஜாஸ் ஆக்குகிறேன் என்று பியானோ முன் உட்காருபவர் புதிதாக எதையும் ஒட்டவைப்பதில்லை. இடமில்லாமல் வெளியே நின்ற இரண்டு சுரங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிறார்.

அடுத்த வேலை நடையை மாற்றுவது. சமமாக அளந்து வைத்த இரண்டு சுரங்களில் முதலாவதைக் கொஞ்சம் நீட்டி, இரண்டாவதைக் குறுக்குவார்கள். இதற்கு ஸ்விங் என்று பெயர். நம் கணக்கில் சொன்னால், சதுஸ்ரமாகப் போன மெட்டைத் திஸ்ரத்தின் பக்கம் சாய்ப்பது. முழுக்கச் சாய்த்தால் காவடிச் சிந்து ஆகிவிடும். பாதியில் நிறுத்தத் தெரிந்தவரே ஜாஸ்காரர்.

இடது கைக்குத்தான் பாடு அதிகம். ஒன்றிலும் மூன்றிலும் அடியில் கனத்த ஒற்றைச் சுரம், இரண்டிலும் நான்கிலும் நடுவில் ஒரு கார்டு என்று பியானோவின் பாதி நீளத்தைத் தாவித் தாவிக் கடக்க வேண்டும். 1920-களின் நியூயோர்க் ஹார்லெமில் கொடிகட்டிப் பறந்த ஸ்ட்ரைட் பாணி இது. தனி ஆள் ஒரு குழுவாக ஒலிப்பது இந்தக் கையால்தான். தப்புப் பறை அடிப்பவரின் கைகளைக் கவனித்தவர்களுக்கு இது அதிசயமாக இருக்காது. அங்கும் இரண்டு குச்சிக்கும் இரண்டு வேலை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கேம் மெட்டுக்கு முடிவே கிடையாது. ஆடுபவன் தோற்கும்வரை சுற்றிச் சுற்றி வரும். ஜாஸுக்கு வேண்டியதும் இதேதான்: ஒரே சுற்று திரும்பத் திரும்ப வர, ஒவ்வொரு முறையும் அதை வேறு மாதிரி வாசிப்பது. நூறு தடவை கேட்டுச் சலித்த மெட்டு நூற்றியோராவது தடவை கோணலாக வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறதே, அதற்காகத்தான் இவ்வளவும்.

பிள்ளை விளையாட்டு என்று இனி ஒதுக்க முடியாது. ஃபைனல் ஃபேண்டசி நான்காம் பாகத்தின் இசை தனிப் பியானோத் தொகுப்பாக 1992-லேயே வந்துவிட்டது. கேம் மெட்டுகளையே வாசிக்கும் எய்ட் பிட் பிக் பேண்ட் என்ற ஜாஸ் குழுவின் ஒரு பாடல் 2022-இல் கிராமி வாங்கியது. அந்த மாரியோ மெட்டை 2023-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் வீடியோ கேம் இசை அதுதான். மாரியோ பாடல்களுக்கென்றே ஜாஸ் பியானோ இசைக்குறிப்புப் புத்தகம் விற்பனைக்கு இருக்கிறது.

தமிழுக்கும் பங்கில்லாமல் இல்லை. கனடாவின் டொரோண்டோவில் தமிழர் ஒருவர் தொடங்கிய நிறுவனம் 2023-இல் 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. அதில், 1980-களில் புலம்பெயர்ந்த ஒரு தாய், சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்துப் பார்த்து இட்லி அவிக்கிறாள். பின்னால் வானொலியில் தமிழ்ப் பாட்டுப் போகிறது. 2024-இல் அதற்கு பாஃப்டாவின் அறிமுகப் படைப்பு விருது கிடைத்தது. ஆவி பறக்கும் அடுப்படிப் பாட்டும் ஒருநாள் யாரோ ஒருவர் கையில் பியானோவுக்கு வரும். அது மலையகத்துக் கையாக இருக்கக் கூடாதா?

மூடியின் கீழ் நடப்பது

இனி அந்தப் பூச்சாடிக்கு வருகிறேன்.

அன்று அந்தத் தம்பி சுரம் தப்பாமல் வாசித்தான். ஆனால் காதில் விழுந்தது பழைய அமெரிக்கச் சாராயக்கடைப் பியானோ போல நெளிந்து நெளிந்து ஒலித்தது. அவன் கேட்காமலேயே ஜாஸ் வந்துவிட்டது. காரணம் கலை அல்ல, ஈரம்.

ஒரு பியானோவுக்குள் சுமார் 230 கம்பிகள் உண்டு. பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று கம்பிகள். மூன்றும் ஒரே சுரத்தில் நிற்க வேண்டும். கம்பிகளைத் தாங்கி ஒலியைப் பெருக்குவது மெல்லிய மரப்பலகை. இந்த மலைப்பக்கத்து நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் மூடுபனி. பலகை ஈரத்தைக் குடித்து ஊதும். குளிருக்கு ஹாலில் கணப்பு மூட்டினால் காய்ந்து சுருங்கும். ஊதியும் சுருங்கியும் மூன்று கம்பிகளும் மூன்று பக்கம் போய்விடும். சுத்தியலின் கம்பளியைப் பூச்சி தின்னும். கம்பி துருப்பிடிக்கும். வருடத்தில் இரண்டு தடவையாவது சுருதி கூட்ட ஆள் வர வேண்டும். கொழும்பிலிருந்து மலையேறி வருகிற ஆளுக்குப் போக்குவரத்தும் கூலியும் யார் கொடுப்பது? பூச்சாடி வைப்பது மலிவு.

கட்டைகளுக்கு இன்னொரு குணம் இருக்கிறது. நாள்தோறும் விரல் பட்டால் அவ்வளவு எளிதில் இறுகாது. மூடி வைத்தால் ஈரத்தில் ஊதி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். வாசிக்காத பியானோவைப் பத்திரப்படுத்துகிறோம் என்று நினைப்பவர்கள் அதை மெல்லக் கொன்றுகொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்துப் பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக விடுதியாகின்றன. அங்கே போகும்போதெல்லாம் முதலில் பியானோ இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் மூடியைத் தொட்டுப் பார்ப்பேன். ஒன்றில் பூட்டு, ஒன்றில் புகைப்படச் சட்டங்கள், இன்னொன்றில் விருந்தினர் புத்தகம். படம் பிடிக்க அழகாக இருக்கிறதாம்.

தப்பும் உடுக்கும் இருக்கும்போது துரைமார் விட்டுப்போன பெட்டிக்காக ஏன் அழுகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். தப்பும் வேண்டும், இதுவும் வேண்டும் என்பதே என் பதில். ஹட்டனைத் தாண்டி நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885-இல். இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும் இந்தப் பெட்டி ஸ்டேஷனிலிருந்து மலைமேட்டுப் பங்களாவரை யார் தோளில் ஏறி வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சுமந்தவரின் பேரப்பிள்ளை இன்று அதைத் தொட மெனேஜருக்குப் பயப்படுகிறான்.

சாதாரண தரப் பரீட்சையில் மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடமாக இருக்கிறது. நான் போன தோட்டப் பாடசாலைகளில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. சொந்தமாக வாங்கலாமே என்பீர்கள். தோட்டத்தில் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாயானது 2024-இல். அதில் எத்தனை பேர் எடுத்த கொழுந்தைச் சேர்த்தால் 88 கட்டை வரும் என்று கணக்குப் பார்க்கக் கணக்கப்பிள்ளை வேண்டியதில்லை.

போன் திரையில் பழகினால் போதாதா? மெட்டுப் பழகப் போதும். ஜாஸ் பழகப் போதாது. மெல்லத் தொட்டால் மெல்லவும் அழுத்தினால் உரக்கவும் கட்டை பதில் சொல்ல வேண்டும். தாவுகிற இடது கைக்கு உண்மையான தூரம் வேண்டும். கண்ணாடியில் இந்த இரண்டும் இல்லை.

ஆகவே விடுதி நடத்துபவர்களிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் கிளப்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இதற்கு நிதியம் வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். விருந்தினர் வெளியே சுற்றப் போகும் நேரத்தில், வாரத்தில் ஒரு பிற்பகல், கீழே லயத்திலிருக்கும் பிள்ளைகளுக்கு மூடியைத் திறந்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை முடியாவிட்டால் ஒரு தடவையாவது சுருதி கூட்டுங்கள். அவர்கள் மாரியோ வாசித்தால் வாசிக்கட்டும். அங்கிருந்து எங்கே போவார்கள் என்பது அவர்கள் பாடு.

அன்று மழை விட்டதும் நான் கிளம்பினேன். அதற்குள் அவன் மூடியைச் சாத்தி, விரிப்பைச் சரிசெய்து, சாடியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டான். பியானோவுக்கு முன்னால் ஒரு முக்காலி இருந்தது. வாசித்த நேரம் முழுக்க அவன் அதில் உட்காரவே இல்லை.

அடுத்த தடவை அவனை உட்காரச் சொல்லுங்கள்.