குறைந்த செலவில் கேமிங் கணினி: மதர்போர்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பெங்களூரு: பீன்யா தொழிற்பேட்டையில் பணி முடிந்து பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறுபவர், சிக்கபேட்டே நிலையத்தில் இறங்கி, கணினி உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற எஸ்.பி. சாலைக்கு நடந்தே சென்றுவிடலாம். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு இந்தச் சாலை அப்படி. பல மாதச் சேமிப்புடன் அங்கு செல்லும் இளைஞர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் விலையைத்தான் முதலில் விசாரிக்கின்றனர். ஆனால், அந்தச் சேமிப்பு எத்தனை ஆண்டுகளுக்குப் பயன் தரும் என்பதைத் தீர்மானிப்பது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையே.

மதர்போர்டு தன்னளவில் விளையாட்டின் வேகத்தைக் கூட்டுவதில்லை. எந்தப் பிராசசரைப் பொருத்தலாம், எந்த வகை ரேம் செல்லும், பின்னாளில் எதை மாற்றலாம் என்பவற்றுக்கு எல்லை வகுப்பதே அதன் பணி. ஆகவே, இதற்கு அளவுக்கு மீறிச் செலவிடுவதும் வீண். மிகவும் மலிவானதை வாங்குவதும் ஆபத்து.

முதலில் சாக்கெட்

பிராசசர் அமரும் இடமே சாக்கெட். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் 2016-ஆம் ஆண்டு அறிமுகமானது. அதற்குரிய ரைசன் 5 5600 போன்ற பிராசசர்கள் குறைந்த செலவில் கணினி அமைப்போரிடம் இன்றும் செல்வாக்குடன் உள்ளன. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் ஆதரவு தொடரும் என அந்நிறுவனம் அறிவித்துள்ளது. எனவே, சில ஆண்டுகளுக்குப் பின் பிராசசரை மட்டும் மாற்ற எண்ணுவோருக்கு ஏஎம்5 ஏற்றது.

இன்டெல் நிறுவனத்தின் எல்ஜிஏ1700 சாக்கெட், 12, 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களை ஏற்கும். 2024-இல் வெளியான கோர் அல்ட்ரா 200 எஸ் வரிசை, எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட்டுக்கு மாறிவிட்டது.

ரேம்: திரும்ப முடியாத முடிவு

ஏஎம்4 பலகைகளில் டிடிஆர்4 ரேமும், ஏஎம்5 பலகைகளில் டிடிஆர்5 ரேமும் மட்டுமே பொருந்தும். எல்ஜிஏ1700 பலகைகள் இரு வகைகளிலும் கிடைக்கின்றன. ஆனால் ஒரு பலகை பொதுவாக ஒரு வகையை மட்டுமே ஏற்கும். இரண்டின் வெட்டு அமைப்பும் வேறு என்பதால் மாற்றிச் செருகவும் இயலாது. செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக உயர்ந்தது. எனவே, பலகையின் விலையை மட்டும் பாராமல், அதற்குரிய ரேமின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சிப்செட்: எது போதும்?

இன்டெல்லில் எச்610 அடிப்படை நிலை. இதில் பெரும்பாலும் இரண்டு ரேம் செருகிகளே இருக்கும். ரேமின் வேகத்தைக் கூட்டவும் வழியில்லை. பி660, பி760 ஆகியவை இவ்வகையில் மேம்பட்டவை. இசட் வரிசை, பிராசசரை ஓவர்கிளாக் செய்வோருக்கானது. குறைந்த பட்ஜெட்டில் அது தேவையற்ற செலவு.

ஏஎம்4 பலகைகளில் ஏ520, பி550 ஆகியவற்றுக்கிடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. முன்னது பிசிஐஇ 3.0 தரத்துடன் நின்றுவிடும், பின்னது 4.0 தரத்தை அளிக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற மலிவு விலை கிராபிக்ஸ் கார்டு நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால், 3.0 பலகையில் அதன் வேகம் பல விளையாட்டுகளில் கணிசமாகக் குறையும். பலகையில் மிச்சம் பிடித்த தொகை இவ்வாறு கார்டில் இழப்பாகிவிடுகிறது.

மின்சாரமும் வெப்பமும்

பிராசசருக்குரிய மின்னழுத்தத்தைச் சீராக்கி அளிக்கும் பகுதி விஆர்எம் எனப்படுகிறது. இன்டெல் ஐ5-12400 பிராசசரின் அடிப்படை மின்தேவை 65 வாட். உச்ச வேகத்தில் அது 117 வாட் வரை உயரும். விஆர்எம் பகுதியின் மீது உலோக வெப்பத்தகடு இல்லாத பலகைகள், நீண்ட நேர விளையாட்டின்போது சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடும்.

மிக மலிவான பலகைகள்

எச்61 போன்ற 2011-ஆம் ஆண்டுக்கால சிப்செட் கொண்ட பலகைகள் இன்றும் மிகக் குறைந்த விலையில் விற்கப்படுகின்றன. இவற்றில் பொருந்தும் 2, 3-ஆம் தலைமுறை பிராசசர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11-இல் வேலரண்ட் விளையாட்டை இயக்க, டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். அலுவலகப் பணிகளுக்கு உதவக்கூடிய அந்தப் பலகை, விளையாட விரும்புவோருக்குப் பெரும் ஏமாற்றத்தையே தரும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

* பிராசசரை ஏற்கும் பயாஸ் பதிப்பு பலகையில் உள்ளதா எனக் கேட்க வேண்டும். நெடுநாள் இருப்பில் இருந்த பலகை, புதிய பிராசசருடன் இயங்காமல் போகலாம். பயாஸைப் புதுப்பித்துத் தருமாறு கடையிலேயே கோருவது நலம்.

* பெயரின் இறுதியில் 'எஃப்' உள்ள இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. கார்டைப் பின்னர் வாங்கலாம் என எண்ணி இவற்றை வாங்கினால், பலகையின் எச்டிஎம்ஐ இணைப்பில் காட்சி வராது.

* எல்ஜிஏ1700, ஏஎம்5 பலகைகளில் நுண்ணிய ஊசிகள் சாக்கெட்டில்தான் உள்ளன. அவை வளைந்திருந்தால் வாரண்டி கோரிக்கை பொதுவாக ஏற்கப்படுவதில்லை. எனவே, பெட்டியைக் கடையிலேயே திறந்து பார்த்துவிட வேண்டும்.

* ஜிஎஸ்டி ரசீது வேண்டாம் என்றால் விலை குறையும் எனச் சொல்லப்படலாம். பின்னாளில் பலகை பழுதானால், வாங்கியதற்குச் சான்றாக அமைவது அந்த ரசீதே. அதில் வரிசை எண் குறிக்கப்பட்டுள்ளதா எனவும் சரிபார்க்க வேண்டும்.

சுருங்கக் கூறின், பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை முதலில் தாளில் முடிவு செய்து, அவற்றைத் தாங்கும் எளிய பலகையை இறுதியில் தேர்வதே சரியான வரிசை. மலிவான பலகை என்ற ஒரே காரணத்துக்காக அதை முதலில் வாங்கிவிட்டால், மற்ற அனைத்தையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொள்ள நேரிடும்.