பீட்டா நாடாவும் எம் இல்லமும்

1975ஆம் ஆண்டு சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் எனும் வீட்டு ஒளிப்பதிவு முறையை அளித்தது. மறு ஆண்டே ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். போட்டிக்கு வந்தது. படத்தெளிவில் பீட்டாவே சற்று மேம்பட்டதென்பர். ஆயினும் அதன் முதல் நாடா ஒரு மணி நேரமே ஓடிற்று. மற்றதோ இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரத் திரைப்படம் காணும் நமக்கு ஒரு மணி எம்மாத்திரம்!

வளைகுடாவிலிருந்து மீண்டோர் வழியே தக்கலையிலும் இவ்விருவகைப் பெட்டிகளையும் கண்டோம். பீட்டா நாடா அளவிற் சிறியது. மற்றக் கருவியில் பொருந்தாது. 2002இல் பீட்டா கருவியின் உற்பத்தியும், 2016இல் நாடா விற்பனையும் நின்றன.

மலைநாட்டு ஈரக்காற்றில் நாடாவிற் பூஞ்சை படர்கிறது. எம் இல்லத் திருமண நாடாவொன்றில் மறைந்த தந்தையாரின் குரல் உள்ளது. அதனை ஓட்டும் கருவியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.