பளபளப்புக்குக் கீழே என்ன இருக்கிறது?

அப்பாவின் டட்சன் 120ஒய் காருக்கு என்னைவிட வயது அதிகம். 1970-களில் நம் நாட்டுச் சாலைகளில் எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்த அதே ரகம்தான். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய மாதம், அதற்குப் புதுச் சாயம் பூச ஒரு பட்டறையில் விட்டோம். ஐந்தே நாளில் வேலை முடிந்தது. முகம் பார்க்கலாம் என்னும் அளவுக்குக் கார் மின்னியது. பல மாதங்களாகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அப்பா மகிழ்ச்சியோடு எண்ணிக் கொடுத்தார்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பின்சக்கரத்துக்கு மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தன. பிறகு ஒரு நாள் சக்கரம் மாற்றுவதற்காக ஜாக் வைத்துத் தூக்கினோம். கார் எழவில்லை. ஜாக்கின் தலைதான் 'கரக்' என்ற சத்தத்தோடு காருக்குள் புகுந்தது! அந்த இடத்தில் தகரமே இல்லை. காய்ந்த புட்டியும் துருத்தூளும்தான் கொட்டின. நல்லவேளையாக யாருடைய கையும் காருக்கு அடியில் இல்லை.

ஏமாந்தது அப்பா மட்டுமல்ல, நானும்தான். துருவைப் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பாடம் நடத்தும் நான், காரைத் திரும்ப எடுக்கப் போனபோது பளபளப்பை மட்டுமே பார்த்தேன். உங்கள் வீட்டிலோ, தாத்தா வீட்டிலோ ஒரு பழைய கார் இருக்கலாம். அதைப் புதுப்பிக்க நம்பிக்கையான பட்டறையைத் தேடுபவர்களுக்கு, நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியலே நல்ல துணை. எப்படி என்று பார்ப்போம்.

துரு எங்கே தொடங்குகிறது?

ஐந்தாம் படிவ வேதியியலில் 'பெங்காராத்தான்' என்று நீங்கள் படிக்கும் துருப்பிடித்தலுக்கு இரும்பு, நீர், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் வேண்டும். இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகிறது. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்குப் போகின்றன. அங்கே நீரும் ஆக்சிஜனும் அவற்றைப் பெற்று ஹைட்ராக்சைடு அயனியாகின்றன. ஆகவே, துரு என்பது ஒரு சிறிய மின்கலம் செய்யும் வேலை.

ஓர் இரும்புத் தகட்டில் ஒரு துளி நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று எளிதாகக் கிடைப்பது துளியின் ஓரத்தில். ஆனால் இரும்பு கரைவது, ஆக்சிஜன் குறைவாக உள்ள நடுப்பகுதியில். காரிலும் இதுதான் நடக்கிறது. சக்கரம் வாரி இறைக்கும் சேறு சக்கர வளைவின் உள்மடிப்பில் தங்குகிறது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஒரு நீளமான பெட்டி ஓடும். பட்டறையில் அதை 'சில்' என்பார்கள். அதற்குள் மழைநீர் தேங்குகிறது. ஈரம் நிறைந்து, காற்று குறைந்த இந்த மூலைகளில் இரும்பு உள்ளிருந்தே கரைகிறது. கடற்கரை ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்வதால் நீரின் மின்கடத்தும் திறன் கூடி, துரு இன்னும் வேகமெடுக்கும்.

துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மேலே உள்ள சாயம் கொப்புளமாக எழும்புகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால், உள்ளே வேலை வெகுநாளாக நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்றைய கார்களின் உடலை மின்சார முறையில் பிரைமர் குளியலில் அமிழ்த்தி எடுக்கிறார்கள். பலவற்றில் துத்தநாகம் பூசிய தகடும் உண்டு. துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரான்களை இழக்கும். அதனால் கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கும். 1970-களின் சாதாரணக் கார்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. சாயம் ஒன்றே வேலி. வேலியில் ஓட்டை விழுந்தால் துரு உள்ளே நுழைந்துவிடும்.

புட்டிதான் குற்றவாளியா?

இல்லை. புட்டி என்பது பாலியெஸ்டர் பிசினில் டால்க் போன்ற கனிமத் தூளைக் கலந்த பசை. அதோடு சிறிது கடினப்படுத்தியைச் சேர்த்தால், சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து சில நிமிடங்களில் இறுகிவிடும். அப்போது அது சூடாவதைத் தொட்டே உணரலாம். இது வெப்ப உமிழ் வினை. தட்டி நிமிர்த்திய தகரத்தில் எஞ்சியிருக்கும் சிறு மேடு பள்ளங்களைச் சமப்படுத்த எல்லா நல்ல பட்டறைகளிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாதவரை பிரச்சினை இல்லை.

ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தும்போதுதான் ஆபத்து. புட்டிக்கு எஃகின் வலிமை கிடையாது. அது ஈரத்தையும் உறிஞ்சும். துருவின் மேல் அப்பிய புட்டி, துருவுக்கு ஈரத்துணி போர்த்தியதற்குச் சமம். மேலும், இவ்வகைக் கார்களில் தனியான அடிச்சட்டம் இல்லை. உடலே பாரத்தைத் தாங்குகிறது. அதில் 'சில்' ஒரு முக்கியமான தூண். பக்கவாட்டில் இன்னொரு வாகனம் மோதினால் உள்ளே இருப்பவர்களைக் காப்பதும் அதுதான். அங்கே தகரத்துக்குப் பதில் புட்டி இருப்பது அழகுப் பிரச்சினையல்ல, உயிர்ப் பிரச்சினை.

காந்தம் சொல்லும் உண்மை

இதை நீங்களே சோதிக்கலாம். குளிர்பெட்டியில் ஒட்டும் மெல்லிய, வலு குறைந்த காந்தம் ஒன்றை எடுங்கள். அதற்கும் எஃகு அலமாரிக்கும் நடுவே ஏ4 தாள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். சாதாரணத் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். எத்தனையாவது தாளில் காந்தம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி கூடக் கூட ஈர்ப்பு விசை மிக வேகமாகக் குறைவதைக் காண்பீர்கள்.

தொழிற்சாலையில் பூசும் சாயத்தின் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பொதுவாக 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர்தான்; அதாவது ஒன்று அல்லது ஒன்றரைத் தாள். 3 மில்லிமீட்டர் புட்டி என்பது முப்பது தாள்! உரிமையாளரின் அனுமதியோடு, சாயத்தில் கீறல் விழாதபடி மெல்லிய துணியில் காந்தத்தைச் சுற்றி, முதலில் காரின் கூரையில் வையுங்கள். கூரை அடிபடுவது அரிது, ஆகவே அதுவே ஒப்பீட்டுக்கு ஏற்ற இடம். பிறகு சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, 'சில்' என்று நகர்த்துங்கள். கூரையில் ஒட்டிய காந்தம் கீழே வழுக்கி விழுந்தால் அங்கே தடித்த புட்டி இருக்கலாம், அல்லது அந்த இடம் எஃகே அல்லாமல் ஃபைபர் கண்ணாடியாக இருக்கலாம். வலுவான நியோடிமியம் காந்தம் இதற்கு உதவாது. புட்டியைத் தாண்டியும் ஒட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

விரல் மடக்கால் தட்டியும் பாருங்கள். மெல்லிய எஃகுத் தகடு 'டங்' என்று அதிரும். புட்டி அதிர்வை விழுங்கி 'தொப்' என்று ஒலிக்கும்.

நல்ல வேலையின் வரிசை

முதலில் பழைய சாயத்தைச் சுரண்டி உலோகத்தைப் பார்க்க வேண்டும். மேலோட்டமான துருவைத் தேய்த்து எடுக்கலாம். குழிகளில் எஞ்சியதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் பூசினால், அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். ஆனால் அரித்து ஓட்டையான தகரத்தை எந்தத் திரவமும் மீட்காது. அதை நல்ல எஃகு தெரியும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும்.

பிறகு எப்பாக்சி பிரைமர். இது உலோகத்தை இறுகப் பற்றி ஈரத்தைத் தடுக்கும். அதன் மேல் மெல்லிய புட்டி, அதை மணல்தாளால் தேய்த்த பின் இன்னொரு பிரைமர், பிறகு நிறம், கடைசியில் 'கிளியர்' எனும் நிறமற்ற பூச்சு. வெளியே வேலை முடிந்தாலும் உள்ளே முடியவில்லை. வெல்டிங் வெப்பம் தகட்டின் மறுபக்கப் பூச்சையும் எரித்துவிடும். எனவே, 'சில்' பெட்டிக்குள் மெழுகு போன்ற துருத்தடுப்பான் பீய்ச்ச வேண்டும். அதன் அடியில் நீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். அவற்றைப் புட்டியால் அடைக்கவும் கூடாது. எங்கள் காரில் அத்தனை துளைகளும் அடைபட்டிருந்தன.

ஈரக்காற்றும் அவசரமும்

நம் நாட்டின் வானிலையும் பெயிண்டருக்கு ஒரு சவால். காற்றின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், பனிநிலை ஏறக்குறைய 26 பாகை. உலோகத்தின் வெப்பநிலை அதற்குக் கீழே போனால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். ஆகவே, மேற்பரப்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை அதிகமாக இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. இந்தக் கணக்கில் 29 பாகை. கைத்தூய்மி பூசினால் விரல் குளிர்கிறதல்லவா? அதுபோல, சாயத்திலுள்ள கரைப்பான் ஆவியாகும்போதும் மேற்பரப்பு குளிரும். மழை நாளில் திறந்த கொட்டகையில் அடித்த சாயம் சில சமயம் வெண்மை பூத்து மங்குவது இதனால்தான். சுரண்டிய எஃகும் நம் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மெல்லிய துருவை ஏற்றுக்கொள்ளும். அதைத் துடைக்காமல் மூடினால் நோயை உள்ளே வைத்துத் தைத்த கதைதான்.

இதில் ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கான நேரத்தைக் கொடுக்க வேண்டும். அடி அடுக்கின் கரைப்பான் வெளியேறுவதற்கு முன் அடுத்ததைப் பூசினால், சிக்கிய ஆவி பின்னர் ஊசித்துளைகளாக வெடிக்கும். துருப்பிடித்த ஒரு முழுக் காரை ஐந்து நாளில் முடித்துத் தருவதாக ஒருவர் சொன்னால், எந்த அடுக்கை விட்டுவிடுகிறார் என்றுதான் கேட்க வேண்டும்.

மூச்சையும் கவனியுங்கள்

கடினப்படுத்தியோடு கலந்து அடிக்கும் இன்றைய பாலியூரிதேன் சாயங்களில் ஐசோசயனேட் உண்டு. அதன் நுண்துளிகளைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் தாக்கும். சாதாரண முகக்கவசம் இதற்குப் போதாது. வெளியிலிருந்து குழாய்வழி தூய காற்று தரும் கவசமே பாதுகாப்பு. பழைய சாயத்தில் ஈயமும் இருக்கக்கூடும் என்பதால், தேய்க்கும்போது எழும் தூளும் ஆபத்தானது. இந்த வேலைகளை வீட்டு முற்றத்தில் நீங்கள் முயலவே கூடாது. பட்டறைக்குப் போகும்போது தொழிலாளர்கள் என்ன அணிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தன் ஆட்களின் நுரையீரலைக் கவனிக்காத இடம் உங்கள் காரின் கண்ணுக்குத் தெரியாத மூலைகளைக் கவனிக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

அப்பாவும் நானும் இரண்டாம் முறை பட்டறை தேடியபோது ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனோம்.

1. துருவை வெட்டி எடுப்பீர்களா, மேலே மூடுவீர்களா?
2. புட்டிக்கு முன் உலோகத்தில் எந்தப் பிரைமர் பூசுவீர்கள்?
3. ஒவ்வொரு கட்டத்திலும் நாங்கள் வந்து பார்க்கலாமா, படம் எடுக்கலாமா?
4. 'சில்' பெட்டியின் உள்ளே என்ன பாதுகாப்பு செய்வீர்கள்?
5. ஓராண்டுக்கு முன் நீங்கள் முடித்த கார் ஒன்றைப் பார்க்க முடியுமா?

கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். நேற்று முடித்த கார் எந்தப் பட்டறையிலும் மின்னும். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய காரே சாட்சி சொல்லும்.

மூன்று பட்டறைகளில் கேட்டோம். ஓரிடத்தில் சிரித்தார்கள். இன்னோரிடத்தில், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார்கள். மூன்றாவது பட்டறைக்காரர், வயதில் மூத்தவர், எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் காருக்கு அடியில் படுத்து ஒரு திருப்புளியால் ஆங்காங்கே குத்திப் பார்த்தார். எழுந்து வந்து, "நீங்க நினைக்கிறதைவிட மோசமா இருக்கு. வெட்டின பிறகுதான் முழுக் கணக்கு சொல்ல முடியும்," என்றார். அவரிடம்தான் காரை விட்டோம்.

வேலைக்கு இரண்டரை மாதம் ஆனது. செலவும் முதல் தடவையைவிடக் கூடுதல். நடுவில் நான்கு முறை போய்ப் பார்த்தோம். வெட்டி எடுத்த துருத்தகரத்தை அவர் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்து எங்களிடம் காட்டினார். அதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். துருப்பிடித்தல் பாடம் வரும்போது அதை மாணவர்களிடம் கொடுக்கிறேன். கையில் பிடித்தாலே உதிர்கிறது.

அப்பா புதிதாக ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டார். காரைக் கழுவிய பின் 'சில்' அடியில் குனிந்து, துளைகளிலிருந்து நீர் சொட்டுகிறதா என்று பார்க்கிறார். சொட்டினால்தான் அவருக்கு நிம்மதி.