ஓடியும் இறைக்காத பம்ப்

நீரில் மிதக்கும் படகுக்குள் நீர் சேராமல் இருக்காது. மழை பெய்தால் சேரும், அலை தெறித்தால் சேரும். புரொப்பெல்லர் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில், பழைய முறைப் படகுகளில் சொட்டுச் சொட்டாகக் கசியவே விட்டிருப்பார்கள். உராய்வில் எழும் சூட்டைத் தணிக்க அந்த ஈரம் வேண்டும். இப்படி வருகிற நீரெல்லாம் வழிந்து போய்த் தேங்கும் அடிப்பள்ளத்துக்கு பில்ஜ் என்று பெயர். அதை வெளியே இறைக்க அங்கே கையடக்கமான ஒரு மின் பம்ப் பொருத்தப்பட்டிருக்கும்.

கொஞ்சம் நீர் நின்றால் என்ன என்று தோன்றலாம். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள தட்டையான அடித்தளத்தில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது 240 லிட்டர்; எடை சுமார் 240 கிலோ. அந்த எடை ஓரிடத்தில் நிற்பதுமில்லை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து மேலும் சாய்க்கும். கணுக்கால் நனையாத ஆழமுள்ள நீரே படகைக் கவிழ்க்கத் துணைபோவது இப்படித்தான்.

கப்பலின் அடிநீர் பழங்காலத்துப் பொறியாளர்களுக்கும் பெரிய கவலைதான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராக்யூஸ் மன்னர் இரண்டாம் ஹியரோன் கட்டிய ‘சிராக்யூசியா’ என்ற பிரம்மாண்டக் கப்பலின் அடிநீரை, ஆர்க்கிமிடீஸ் உருவாக்கிய திருகைக் கொண்டு ஒரே ஆள் இறைத்ததாக கிரேக்க எழுத்தாளர் அத்தினேயஸ் எழுதியிருக்கிறார். இன்று அந்த ஆளின் இடத்தில் 12 வோல்ட் மோட்டார் இருக்கிறது. திருகின் இடத்தில் இம்பெல்லர் என்னும் சிறு சுழல்சக்கரம். இம்பெல்லர் சுழலும்போது நடுவில் நுழைகிற நீர் விளிம்பை நோக்கி வீசப்படுகிறது. அந்த வேகம் அழுத்தமாக மாறி, நீரை ஹோஸ் வழியே மேலேற்றி வெளியே தள்ளுகிறது.

இந்தப் பம்பிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? சிறு படகுகளில் பரவலாக இருப்பது மணிக்கு 500 அமெரிக்க கேலன் என்று குறிக்கப்பட்ட பம்ப். நிமிடத்துக்குச் சுமார் 31 லிட்டர். ஆனால் இந்த அளவு, நீரை மேலேற்ற வேண்டிய உயரமே இல்லாமல் சோதித்துக் கிடைத்தது. பல பம்புகளில், இன்ஜின் ஓடி பேட்டரி சார்ஜ் ஆகும்போது கிடைக்கும் 13.6 வோல்ட்டில் சோதித்திருப்பார்கள். ஒரு மீட்டர் உயரம், இரண்டு மூன்று வளைவுகள், உட்புறம் சுருள் சுருளாக இருக்கும் ஹோஸ், இன்ஜின் நின்ற பேட்டரி என்று எல்லாம் சேர்ந்தால் இறைப்பு பாதியாகக்கூடக் குறையும்.

இதற்கு எதிரே, படகின் அடியில் விழக்கூடிய ஒரு துளையைப் பாருங்கள். துளை வழியே பாயும் நீரின் வேகத்தைக் கணக்கிடும் விதியை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் துளை விழுந்தால், நீர் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் பாயும். துளையின் ஓரத்தில் பாய்ச்சல் குறுகுவதையும் கழித்துப் பார்த்தால், நிமிடத்துக்குச் சுமார் 55 லிட்டர் உள்ளே வரும். பம்ப் தன் முழுத் திறனில் இறைத்தாலும் ஈடுகட்ட முடியாது. ஓட்டையை அடைப்பதற்கு வேண்டிய அவகாசத்தைத் தருவதுதான் பம்பின் வேலை.

அந்த அவகாசத்தையும் பறித்துக்கொள்ளும் ஒரு கோளாறு இருக்கிறது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். வெளியே ஒரு சொட்டு வராது. வீட்டுக் கிணற்று மோட்டாரில் ‘ஏர் லாக்’ ஆகிவிட்டது என்று மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறோமே, அதே நோய்தான் இது. இதன் இயற்பியல் வியக்க வைப்பது. இம்பெல்லர் உண்டாக்கும் அழுத்தம், அது எதைச் சுழற்றுகிறதோ அதன் அடர்த்தியைப் பொறுத்தது. காற்றின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறக்குறைய 800இல் ஒரு பங்கு. நீரை 3 மீட்டர் உயரம் ஏற்ற வல்ல பம்ப், வயிற்றில் காற்று புகுந்துவிட்டால், வெறும் 4 மில்லிமீட்டர் நீர் உயரத்துக்கான அழுத்தத்தைத்தான் தரும். சுற்றுகிற வேகத்தில் குறையில்லை. தள்ளுகிற பலம் மட்டும் இல்லை.

ஹோஸ் நடுவில் தொய்ந்து தொங்கினால், அந்தத் தொய்வில் நிற்கும் நீர் காற்றை வெளியேற விடாது. நீர் திரும்பி வராதிருக்கப் போடும் செக் வால்வும் இதே வம்பைச் செய்யும். வால்வின் தலைமேல் ஒரு மீட்டர் நீர் நிற்கும்போது, 4 மில்லிமீட்டர் அழுத்தம் எப்படி அதைத் திறக்கும்? அதனால் ஹோஸ் பம்பிலிருந்து தொடர்ந்து மேலேறிக்கொண்டே போகட்டும். செக் வால்வை நம்ப வேண்டாம். வெளியேறும் வாய், படகு சாயும்போதும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிநீர் அதே ஹோஸ் வழியே உள்ளே வந்துவிடும்.

வால்வு இல்லாவிட்டால் ஹோஸில் இருக்கும் நீர் திரும்புமே என்றால், திரும்பத்தான் செய்யும். 19 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 3 மீட்டர் ஹோஸில் முக்கால் லிட்டருக்கு மேல் நீர் இருக்கும். குறுகலான பள்ளத்தில் அது திரும்பி விழுந்தால் மட்டம் உயர்ந்து, நீரோடு மிதந்தெழுந்து பம்பைத் தானாக ஓடவைக்கும் ஃப்ளோட் ஸ்விட்ச் மறுபடி மேலெழும். பம்ப் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இப்படியே பேட்டரி தீர்ந்துவிடும். ஃப்ளோட் ஸ்விட்சைச் சற்று உயர்த்திப் பொருத்தினாலே பெரும்பாலும் இது தீர்ந்துவிடும்.

பம்ப் சத்தமே போடவில்லையா? முதலில் பில்ஜைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியிலேயே படுத்திருக்கும். வாடை அடியோடு போன பிறகுதான் ஸ்விட்சையோ ஒயரையோ தொட வேண்டும். பிறகு ஃப்ளோட்டைக் கையால் தூக்குங்கள். ஓடாமல் இருந்து, மேனுவல் ஸ்விட்சில் ஓடினால் கோளாறு ஃப்ளோட் ஸ்விட்சிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. இரண்டிலும் ஓடாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஒயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உப்புநீர் செம்புக் கம்பி இழைகளுக்கு இடையில் ஊர்ந்து ஏறும். உறைக்குள்ளேயே செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ போகும். அப்படிப்பட்ட ஒயரை வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளீயம் பூசிய ஒயரைப் போட்டு, பசையுள்ள சுருங்கு உறையால் மூட வேண்டும்.

ஃபியூஸ் எரிந்திருந்தால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். சுழலும் மோட்டார் எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கித் தனக்குள் பாயும் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். இம்பெல்லர் சிக்கி நின்றால் அந்தக் கட்டுப்பாடு போய், மின்னோட்டம் பல மடங்காகிச் சுருள் கொதிக்கும். சரியான ஃபியூஸ் அதற்கு முன்பே எரிந்து தீவிபத்தைத் தடுக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பம்பை அதன் வடிகட்டி அடித்தளத்திலிருந்து கழற்றிப் பாருங்கள். சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு, முடி, மரச்சீவல், பாட்டிலிலிருந்து உரிந்த லேபிள், இவற்றில் ஏதோ ஒன்று அகப்படும்.

அடுத்த முறை படகை அவிழ்ப்பதற்கு முன், பில்ஜில் ஒரு வாளி நீரை ஊற்றுங்கள். ஃப்ளோட் எழுகிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று கவனியுங்கள். அதோடு நிறுத்தாமல் வெளியே எட்டி, ஹோஸின் வாயிலிருந்து நீர் கொட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள். கொட்டினால்தான் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். என்ன பம்ப் இருந்தாலும், படகில் ஒரு வாளியும் கையால் இயக்கும் பம்பும் கட்டாயம் இருக்கட்டும்.